வாசகர் கேள்வி – பதில்: எண்ணெய்க் கிணற்று வால்வும் லயத்துப் பைப்பும்

மத்திய கிழக்கு எண்ணெய் வயல்களுக்கு வேலைக்குப் போனவர்களும் போக இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் அதிகம். தோட்டத்துத் தண்ணீர், காஸ் சிலிண்டர் பற்றி வந்த இரண்டையும் அவற்றோடு சேர்த்திருக்கிறோம். அழுத்தம் எங்கும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும்.

ஹட்டன் வாசகர்: என் மகனுக்குக் குவைத்தில் எண்ணெய்க் கிணற்று வால்வுகளைப் பராமரிக்கும் குழுவில் உதவியாள் வேலை கிடைத்திருக்கிறது. ‘கிறிஸ்மஸ் ட்ரீ’ என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறான். அது என்ன? அதில் எந்த வால்வை முதலில் திறப்பது, எதை முதலில் மூடுவது?

கிணற்று வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டிய வால்வுத் தொகுதிக்குத்தான் அந்தப் பெயர். அதற்குக் கீழே, கிணற்றின் சுவராக நிலத்துக்குள் போகும் கேசிங் குழாய்களையும், எண்ணெய் மேலேறி வர உள்ளே தொங்கும் டியூபிங் குழாயையும் தாங்கி நிற்பது வெல்ஹெட். புதிதாகப் போகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். ட்ரீயைக் கீழிருந்து பார்த்தால் முதலில் லோவர் மாஸ்டர் வால்வு, அதன்மேல் அப்பர் மாஸ்டர், பிறகு நாலு பக்கமும் பிரியும் கட்டை. கட்டையின் ஒரு கையில் உற்பத்தி விங் வால்வு. மறு கையில் கிணற்றை அடக்கத் திரவம் செலுத்துவதற்கான கில் விங். உச்சியில் இருப்பது சுவாப் வால்வு. கம்பியில் கட்டிய கருவிகளை உள்ளே இறக்கும்போது மட்டும் அதற்கு வேலை. உற்பத்தி விங்கைத் தாண்டியதும் சோக், அதாவது ஓட்டத்தைக் குறைக்கும் குறுகிய துளை. பல கிணறுகளில் டியூபிங்குக்குள்ளேயே, நிலமட்டத்துக்குக் கீழே, ஒரு பாதுகாப்பு வால்வும் இருக்கும். மேலிருந்து மெல்லிய குழாய் வழியாக வரும் ஹைட்ரோலிக் அழுத்தம்தான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தம் போனால் ஸ்பிரிங் தானாக மூடிவிடும்.

திறக்கும்போது உள்ளிருந்து வெளியே வர வேண்டும். முதலில் நிலத்தடிப் பாதுகாப்பு வால்வு, பிறகு லோவர் மாஸ்டர், அப்பர் மாஸ்டர், விங், கடைசியாகச் சோக்கை மெல்ல மெல்ல. நிலத்தடி வால்வின் மேலும் கீழும் அழுத்தம் சமமாகாமல் அதைத் திறக்கப் பார்த்தால் அதன் மூடித்தட்டு சேதமாகும். அதனால் பெரும்பாலும் மேலிருந்து அழுத்தம் ஏற்றிச் சமப்படுத்திய பிறகே திறப்பார்கள். மூடும்போது வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். சோக்கால் ஓட்டத்தைக் குறைத்து, விங்கால் முழுதாக வெட்டி, தேவைப்பட்டால் அதன்பின் அப்பர் மாஸ்டரை மூடுவது. லோவர் மாஸ்டரை அன்றாடம் தொடுவதில்லை.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வாயுவையும் மணலையும் வெட்டி மூடும் வால்வுதான் தேயும். விங் தேய்ந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் மாஸ்டர்களை மூடிவிட்டுக் கழற்றி மாற்றலாம். லோவர் மாஸ்டர் தேய்ந்தால் அதற்குப் பின்னால் மூட வேறொன்று ட்ரீயில் இல்லை. கிணற்றுக்குள் அடைப்பு இறக்கியோ கனத்த திரவம் செலுத்தியோ கிணற்றை அடக்கிய பிறகுதான் கை வைக்கலாம். அது பல நாள் வேலை, பெருஞ்செலவு.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: கைச்சக்கரத்தைச் சுற்றும்போது வால்வுத் தண்டுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. உள்ளழுத்தம் தண்டை வெளியே தள்ளியபடியே இருக்கிறது. பக்கவாட்டில் நின்று சுற்ற வேண்டும்.

பொகவந்தலாவை வாசகர்: கட்டாரில் வேலை செய்கிறேன். கேட் வால்வை மூடிவிட்டுக் கால் சுற்றுத் திருப்பி விடு என்கிறார் சூப்பர்வைசர். இன்னொருவர் இறுக்கியே வை என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் சரியாக இருக்கலாம். வால்வு எந்த வகை என்பதைப் பொறுத்தது.

ஸ்லாப் கேட் என்பது துளையிட்ட ஒரே பலகை. அது இரு சீட்டுகளுக்கு (பலகை வந்து அழுந்தி அடைக்கும் வளையங்களுக்கு) நடுவே சற்றுத் தளர்வாக மிதக்கிறது. மூடியதும் கிணற்று அழுத்தமே அந்தப் பலகையைத் தள்ளி எதிர்ப்பக்கத்துச் சீட்டில் அழுத்துகிறது. அடைப்பு அப்படித்தான் உண்டாகிறது. அடிவரை இறுக்கி வைத்தால் பலகை சிக்கிக்கொள்ளும், மிதக்க வழியில்லை, கசியும். அதனால் முட்டும்வரை மூடிக் கால் சுற்றுத் திருப்புகிறார்கள். எக்ஸ்பேன்டிங் கேட் வேறு வகை. அதில் ஆப்பு வடிவான இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி விரிந்து இரு சீட்டுகளையும் அழுத்துகின்றன. அதைத் திருப்பி விட்டால் விரிந்தது சுருங்கிவிடும்; இறுக்கியே வைக்க வேண்டும். வால்வின் பெயர்த்தகட்டையும் அதற்குரிய கையேட்டையும் பார்த்து எந்த வகை என்று உறுதிசெய்யுங்கள். வெளித்தோற்றத்தை வைத்து ஊகிக்க வேண்டாம்.

சுற்றுகளை எண்ணுகிற பழக்கம் இந்தத் தொழிலில் தங்கம். வழக்கமாக 20 சுற்றில் மூடுகிற வால்வு 17இல் நின்றால் கேட்டுக்கு அடியில் மணலோ உப்புப் படிவோ ஹைட்ரேட்டோ (நீரும் வாயுவும் சேர்ந்து உறைந்த கட்டி) இருக்கிறது என்று பொருள். ஸ்பெனரில் பைப் சொருகி நெம்பாதீர்கள். திறந்து, ஓட்டத்தில் கழுவ விட்டு, கிறீஸ் ஏற்றி மறுபடி மூடிப் பாருங்கள். சக்கரம் முடிவே இல்லாமல் லேசாகச் சுற்றினால் தண்டைப் பிணைக்கும் ஊசி வெட்டுப்பட்டிருக்கும். வெளியே மூடியது போலத் தெரிந்தாலும் கேட் அசைந்திருக்காது. மூடியதாகச் சொல்லப்படும் எந்த வால்வையும் எதிர்ப்பக்க அழுத்தத்தை இறக்கி, அடைத்து, அழுத்தமானி மறுபடி ஏறுகிறதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது.

பாதி திறந்த கேட் வால்வு என்று ஒன்று இருக்கவே கூடாது. முழுதாகத் திறந்திருக்கும்போது கேட்டும் சீட்டும் ஓட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. பாதியில் நிறுத்தினால் மணலோடு வரும் வாயு அவற்றின் விளிம்பை அரித்துவிடும்; அதன்பின் எவ்வளவு கிறீஸ் ஏற்றினாலும் பிடிக்காது. ஓட்டத்தைக் குறைக்கத்தான் சோக் இருக்கிறது.

அக்கரபத்தனை வாசகர்: எங்கள் லயத்துக்கு 90 மீற்றர் மேலே உள்ள டேங்கிலிருந்து தண்ணீர் வருகிறது. அழுத்தம் கூடுதலாக இருந்ததால் மேலே இருக்கும் கேட் வால்வைப் பாதி மூடி வைத்தோம். பகலில் நன்றாக வருகிறது. ஆனால் இரவில்தான் பைப் வெடிக்கிறது. ஏன்?

பாதி மூடிய வால்வு ஓட்டம் இருக்கும்போதுதான் அழுத்தத்தைக் குறைக்கும். இரவில் எல்லாப் பீலியும் பூட்டிக் கிடக்கும்போது ஓட்டம் இல்லை. வால்வின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும். 10 மீற்றர் உயரத்துக்குச் சுமார் 1 பார், அதாவது ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ. 90 மீற்றருக்குச் சுமார் 9 பார், 125 பி.எஸ்.ஐக்கு மேல். உங்கள் பைப்பில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு இதைவிடக் குறைவென்றால் அது தாங்காது. விடியற்காலையில் யாராவது பீலியைத் திறந்து சட்டென்று பூட்டினால் அந்த அதிர்ச்சியும் மேலதிகமாகச் சேரும்.

மலிவான, நீடித்த தீர்வு வழியில் ஒரு சிறு தொட்டி கட்டுவதுதான். டேங்கிலிருந்து 45 மீற்றர் கீழே, மிதவை வால்வோடு கட்டுங்கள். தண்ணீர் அதில் விழும்போது மேலழுத்தம் முழுவதும் பூச்சியமாகிவிடும். அங்கிருந்து லயத்துக்கு மீதி 45 மீற்றர் அழுத்தம் மட்டுமே வரும். இரு பாதிக் குழாயும் 4.5 பார் தாங்கும் தடிப்பமாக இருக்கட்டும், ஏனென்றால் மிதவை மூடியதும் மேல் பாதியிலும், பீலிகளைப் பூட்டியதும் கீழ்ப் பாதியின் அடியிலும் அவ்வளவு நிற்கும். அழுத்தம் குறைக்கும் வால்வும் வைக்கலாம். ஆனால் ஓடைத் தண்ணீரின் மணலும் இலைச்சருகும் அதன் சீட்டில் சிக்கும். முன்னால் வலை வடிகட்டி வைத்து அடிக்கடி கழுவாவிட்டால் சில மாதத்தில் வேலை செய்யாது. குழாய் மேடேறி இறங்கும் இடங்களின் உச்சியில் காற்று வெளியேறும் வால்வு, மிகத் தாழ்ந்த இடத்தில் சேறு கழுவும் வால்வு. பழைய கேட் வால்வை முழுதாகத் திறந்து விடுங்கள், பழுது பார்க்கும்போது மூட உதவும்.

எண்ணெய்க் கிணற்றிலும் இதே கதைதான். சோக்குக்குப் பிந்திய குழாய் எங்காவது அடைபட்டால் கிணற்றின் முழு அழுத்தமும் அங்கே வந்து சேரும். அதற்காகத்தான் அழுத்தம் வரம்பைத் தாண்டினாலும், குழாய் உடைந்து வரம்புக்குக் கீழே இறங்கினாலும் மேற்பரப்புப் பாதுகாப்பு வால்வை மூடச்செய்யும் உணரிகளைப் பொருத்துகிறார்கள்.

பண்டாரவளை வாசகர்: சவூதிப் பாலைவனத்தில் 45 பாகை வெயில். ஆனால் சோக்கின் வெளிப்பக்கம் வெள்ளையாக உறைபனி படிகிறது. சிலநேரம் கிணறே அடைத்துக்கொள்கிறது. இது எப்படி?

உயர் அழுத்தத்திலிருந்து திடீரென்று குறைந்த அழுத்தத்துக்குப் பாயும் வாயு குளிரும். ஜூல்–தொம்சன் விளைவு என்று உயர்தரப் பௌதிகத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். களத்தில் கைக்கணக்காக, 100 பி.எஸ்.ஐ குறைந்தால் சுமார் 4 பாகை செல்சியஸ் குறையும் என்று வைத்துக்கொள்கிறார்கள். 1,000 பி.எஸ்.ஐ இறக்கினால் 45 பாகையில் வந்த வாயு 5 பாகைக்கு வந்துவிடும். வெளியே தெரியும் வெள்ளை, காற்றிலுள்ள ஈரம் உறைந்தது, அதனால் ஆபத்தில்லை. ஆபத்து உள்ளே இருக்கிறது. வாயுவோடு வரும் நீரும் மீதேனும் சேர்ந்து ஹைட்ரேட் என்ற திண்மமாகிக் குழாயை அடைக்கும். அது வெறும் ஐஸ் அல்ல. உயர் அழுத்தத்தில் 15 பாகைக்கு மேலேயே உருவாகும்.

தடுக்க மூன்று வழி. சோக்குக்கு முன்னால் மெதனோல் அல்லது கிளைக்கோல் செலுத்துவது, முன்னால் ஹீற்றர் வைத்து வாயுவைச் சூடாக்குவது, அழுத்தத்தை ஒரே சோக்கில் இறக்காமல் இரு கட்டமாக இறக்கி இடையில் சூடேற்றுவது.

அடைத்துவிட்டால் ஒரு பக்கத்து அழுத்தத்தை மட்டும் ஒருபோதும் இறக்காதீர்கள். பிடி விட்ட கட்டி மறுபக்க அழுத்தத்தில் துப்பாக்கி ரவையாகப் பாய்ந்து வளைவையே பிய்த்துக்கொண்டு போகும். இதில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இரு பக்கமும் சிறிது சிறிதாக, சமமாக இறக்க வேண்டும். நெருப்பு காட்டுவதும் அதே அளவு தவறு: 1 கன மீற்றர் ஹைட்ரேட் உருகினால் சுமார் 160 கன மீற்றர் வாயு வெளிவரும்; நடுவில் மட்டும் உருகினால் அது போக இடமில்லை.

சோக்கின் அளவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். துளையின் விட்டத்தை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகச் சொல்வது வழக்கம். ‘32 சோக்’ என்றால் 32/64, அதாவது அரை அங்குலம். 16இலிருந்து 32க்குப் போனால் விட்டம் இரட்டிப்பு, ஆனால் துளையின் பரப்பு நான்கு மடங்கு; ஓட்டமும் ஏறக்குறைய அப்படியே ஏறும். ஆகவே சிறு சிறு படியாகத்தான் திறக்க வேண்டும். வெளியழுத்தம் உள்ளழுத்தத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே இருக்கும்வரை, வெளியே நடக்கும் ஏற்ற இறக்கம் கிணற்றுக்குத் தெரியாது. சோக்கின் துளைப்பகுதி டங்ஸ்டன் காபைட்டால் செய்யப்பட்டாலும் மணல் அதையும் தின்னும். அதே சோக் அளவில் கிணற்று வாய் அழுத்தம் குறைந்து ஓட்டம் மட்டும் கூடினால் கழற்றிப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

மஸ்கெலியா வாசகர்: ஓ-ரிங் எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கின்றன. அளவு சரியாக இருந்தால் எதையும் போடலாம்தானே? நம் நாட்டு இறப்பரில் செய்ததைப் பயன்படுத்த முடியாதா?

அளவு சரி, பொருள் பிழை என்றால் கசிவு வரச் சில நாள் பிந்தும், அவ்வளவே.

நைட்ரைல் இறப்பர் எண்ணெய்க்கு நல்லது, மலிவு; சுமார் 100 பாகைவரை தாங்கும். ஆனால் ஐதரசன் சல்பைட்டு கலந்த வாயு அதைக் கடினமாக்கி வெடிக்கச் செய்யும். எச்.என்.பி.ஆர் எனும் மேம்பட்ட நைட்ரைல் சுமார் 150 பாகைவரை வரும். வைட்டன் என்ற பெயரில் பலரும் அறிந்த எஃப்.கே.எம் 200 பாகைவரை தாங்கும், எண்ணெயும் ஒன்றும் செய்யாது. ஆனால் அரிப்பைத் தடுக்கச் செலுத்தும் அமைன் மருந்துகளும் நீராவியும் மெதனோலும் அதற்கு எதிரி. மேலே சொன்ன மெதனோலைச் செலுத்தும் பம்ப்பில் சாதாரண வைட்டன் போட்டுவிட்டு ஏன் ஊதியது என்று கேட்பவர்கள் உண்டு. அஃப்லாஸ் அமைன், நீராவி, ஐதரசன் சல்பைட்டு மூன்றையும் தாங்கும், குளிரில்தான் விறைத்துவிடும். ஈ.பி.டி.எம் தண்ணீருக்கும் நீராவிக்கும் உகந்தது, எண்ணெய் பட்டால் வீங்கும். அதற்குப் பெற்றோலிய கிறீஸ் தடவினாலே போதும், கெட்டுவிடும். சிலிக்கோன் கிறீஸ்தான் பூச வேண்டும்.

பொருள் சரியாக இருந்தும் வளையம் உள்ளுக்குள் கொப்பளித்து வெடித்திருந்தால் காரணம் அழுத்தத்தை வேகமாக இறக்கியது. உயர் அழுத்தத்தில் வாயு இறப்பருக்குள் ஊறுகிறது. வெளியே வர நேரம் கொடுக்காமல் இறக்கினால் உள்ளேயே விரிகிறது. கடினத்தன்மை 90 உள்ள, இதற்கென்றே சோதித்த வகையைப் போட வேண்டும். அழுத்தத்தையும் மெதுவாக இறக்க வேண்டும். விளிம்பு கடித்தெடுத்தது போல இருந்தால் அது வேறு நோய்: வளையம் இடைவெளிக்குள் பிதுங்கியிருக்கிறது. 1,500 பி.எஸ்.ஐக்கு மேல் போகும் இடங்களில் டெஃப்லோன் பேக்-அப் வளையம் வைப்பது அதற்காக. அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் இருந்தும் இல்லாதது போலத்தான்.

இனி நம் இறப்பர். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பால் எடுக்கும் இயற்கை இறப்பர் எண்ணெயில் ஊறி வீங்கும். வால்வு சீலுக்கு உதவாது. என்றாலும் கிணறு தோண்டும்போது குழாயைச் சுற்றி அழுத்திக் கிணற்றை அடைக்கும் அனுலர் பிரிவென்டரின் பெரிய இறப்பர் வளையத்தை, தண்ணீர் அடிப்படையிலான சேற்றுக்கு, இயற்கை இறப்பரிலும் செய்கிறார்கள். இழுபட்டு மீளும் குணத்தில் செயற்கை வகைகள் பல அதற்கு ஈடில்லை. எண்ணெய் அடிப்படையிலான சேறென்றால் நைட்ரைல்.

நாவலப்பிட்டி வாசகர்: பிளான்ஜைக் கழற்றினால் அதிலுள்ள இரும்பு வளையத்தைத் துடைத்துத் திரும்பப் போடலாமா?

கூடாது. ரிங் கேஸ்கட் பள்ளத்தைவிட மென்மையான உலோகம். முதல் முறை இறுக்கும்போதே நசுங்கிப் பள்ளத்தின் வடிவத்தை எடுத்துவிட்டது. இரண்டாம் முறை நசுங்க அதில் மிச்சமில்லை. வளையங்களில் ஆர், ஆர்.எக்ஸ், பி.எக்ஸ் என்று வகைகள் உண்டு. ஆர் வகைப் பள்ளத்தில் ஆர்.எக்ஸ் பொருந்தும், பி.எக்ஸ் வகை அந்த இரண்டுக்கும் பொருந்தாது. பள்ளத்தில் குறுக்கே நகக்கீறல் அளவு கோடு இருந்தாலும் புதிய வளையம் கசியும். போல்ட்டை எதிரெதிராக, 30, 60, 100 சதவீதம் என்று மூன்று சுற்றில் இறுக்கி, கடைசியாக வட்டமாக ஒருமுறை போய் வாருங்கள்.

நுவரெலியா வாசகி: மார்கழி, தை மாதக் காலையில் காஸ் அடுப்பு மங்கலாக எரிகிறது. சிலிண்டரில் பாதி மிச்சம் இருக்கிறது. ரெகுலேட்டர் பழுதா? அந்த இடத்தில் லேசான வாசனையும் வருகிறது.

இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினை.

மங்கலுக்குக் காரணம் குளிர். சமையல் காஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் -42 பாகையில் கொதிக்கும், பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான். உங்கள் ஊர்க் காலையில் பியூட்டேன் அதிகமுள்ள சிலிண்டரில் அழுத்தம் மிகக் குறைவு. எரிய எரியத் திரவம் இன்னும் குளிரும். புரொப்பேன் முந்தி ஆவியாவதால் சிலிண்டர் தீரத் தீரப் பிரச்சினை கூடும். காற்றோட்டமுள்ள, ஆனால் குளிர்காற்று நேரே அடிக்காத இடத்தில் வையுங்கள். சிலிண்டரைச் சாய்க்கவோ படுக்க வைக்கவோ வேண்டாம், திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். கொதிநீர் ஊற்றுவதும் வேண்டாம்.

வாசனைதான் அவசரம். அடுப்பை அணைத்து, சவர்க்கார நுரையை ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் ஹோஸின் இரு முனையிலும் பூசுங்கள். சிலிண்டர் வாயில் குமிழி வந்தால் உள்ளிருக்கும் இறப்பர் வளையம் வெடித்திருக்கிறது. கழற்றி வெளியே எடுத்து வைத்து முகவரிடம் மாற்றுங்கள். டேப் சுற்றி அடைக்க முயல வேண்டாம். ஹோஸில் குமிழி வந்தால் ஹோஸையும் கிளிப்பையும் புதிதாக வாங்குங்கள். காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். வாசனை பலமாக இருந்தால் மின் சுவிச்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

தலவாக்கலை மாணவி, உயர்தரம்: மன்னாரில் காஸ் இருப்பதாகப் படித்தோம். அங்கே கிறிஸ்மஸ் ட்ரீ இருக்கிறதா? புளோஅவுட் பிரிவென்டர் என்பதும் அதுவும் ஒன்றா?

2011இல் கெயார்ன் லங்கா நிறுவனம் மன்னார்ப் படுகையில் தோண்டிய டொராடோ, பராகுடா கிணறுகளில் வாயு கண்டுபிடிக்கப்பட்டது. இன்னும் வர்த்தக உற்பத்தி இல்லை, ஆகவே உற்பத்தி ட்ரீயும் இல்லை. டொராடோவில் கடலின் ஆழமே 1,300 மீற்றருக்கு மேல். அங்கே ட்ரீ வைப்பதானால் அது கடலடியில்தான் இருக்கும். சுழியோடிகள் போக முடியாத ஆழம் என்பதால், ஹைட்ரோலிக் குழாய்கள் வழியாகவும் தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கி இயந்திரத்தாலும் வால்வுகளைத் திருப்புவார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. கிணறு கட்டுக்கடங்காமல் பீறிடுவதைத் தடுக்கும் பிரிவென்டர் தோண்டும் காலத்துக்கு, ட்ரீ உற்பத்திக் காலத்துக்கு. முதலாவதை எடுத்த பிறகே இரண்டாவதை வைப்பார்கள் என்பது பொதுவான முறை. ராம் வகைப் பிரிவென்டரை 1922இல் அமெரிக்காவில் ஏபர்குரோம்பியும் கெமரனும் உருவாக்கினார்கள். எதிரெதிரே இரண்டு கட்டைகள் வந்து குழாயைச் சுற்றி அடைக்கும்; வெட்டும் ராம் குழாயையே துண்டித்து அடைக்கும். மின்சாரம் போனாலும் மூட வேண்டும் என்பதால் நைதரசன் அடைத்த கலன்களில் 3,000 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் திரவத்தைச் சேமித்து வைக்கிறார்கள். 2010 ஏப்ரல் 20 மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் மேடையில் 11 பேர் இறந்த விபத்தில், பிரிவென்டர் இருந்தும் கிணற்றை அடைக்க முடியவில்லை.

புசல்லாவை வாசகர்: வால்வுக்குக் கிறீஸ் ஏற்றும் வேலையில் சேர்த்திருக்கிறார்கள். எளிய வேலைதானே?

வேலை எளிது. கிறீஸ் நிப்பிளின் மூடியைக் கழற்றும் அந்தச் சில நொடியில் மட்டும் ஆள் கவனமாக இருக்க வேண்டும். வால்வு மூடியிருந்தாலும் அதன் வயிற்றுக்குள் கிணற்று அழுத்தம் அடைபட்டு நிற்கும். அடைபட்ட திரவம் வெயிலில் சூடேறி இன்னும் ஏறியிருக்கும். நிப்பிளுக்குள் இருக்கும் சிறு குண்டுதான் அதைத் தடுக்கிறது. குண்டில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் தடுக்காது. பக்கவாட்டில் நின்று, மூடியை ஒரு சுற்று மட்டும் தளர்த்திக் காத்திருங்கள். சீறல் நின்றால் உள்ளே சிக்கியிருந்தது அவ்வளவே, தொடரலாம். நிற்காவிட்டால் குண்டு பிடிக்கவில்லை: திரும்ப இறுக்கிவிட்டு மேலதிகாரியிடம் சொல்லுங்கள்.

பம்ப்பின் அழுத்தம் கிணற்று அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் கிறீஸ் உள்ளே போகும். ஆனால் வால்வில் பொறித்துள்ள வேலை அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. 5,000 என்றிருந்தால் 5,000தான். பம்ப்பை எத்தனை தடவை அடிக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே ஏற்றுங்கள். வழக்கத்தைவிட மிக அதிகம் போனால் அது ஓட்டத்தோடு கிணற்றுக் குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது, சீட் தேய்ந்திருக்கிறது. பம்ப் உடனே விறைத்து ஒன்றும் போகாவிட்டால் பழைய கிறீஸ் காய்ந்து வழியை அடைத்திருக்கும். தண்டைச் சுற்றியுள்ள பெக்கிங்குக்குத் தனி நிப்பிளும் தனிப் பொருளும் உண்டு. இரண்டையும் மாற்றி ஏற்றிவிட்டால் தண்டு இறுகிப்போகும், சக்கரம் திரும்பாது. ஏற்றி முடிந்ததும் வால்வை ஒருமுறை முழுதாக மூடித் திறந்து, சுற்றுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.